தில்லி யாருக்குச் சொந்த ஊர்?

வந்து தங்கிய வெள்ளையர்களை இந்த நகரம் சுலபமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்கள் இந்த ஊர்க்காரர்கள் ஆனார்களா என்பது வேறு கேள்வி.

பழைய தில்லியின் காஷ்மீரி கேட் பகுதியில் காலை பத்து மணிக்கு நடப்பது சிரமம். மாநிலங்களுக்கிடையேயான பேருந்து நிலையத்திலிருந்து வெளியே கொட்டும் கூட்டம், மெட்ரோவிலிருந்து மேலே வரும் கூட்டம், மோட்டார் உதிரி பாகக் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வண்டிகள் எல்லாம் ஒரே சாலையில் முட்டிக்கொள்கின்றன. இந்த இரைச்சலுக்கு நடுவே, மதில் சுவருக்கு உள்ளே, மஞ்சள் பூசிய ஒரு மாதாகோவில் குவிமாடத்தோடு நிற்கிறது. தில்லியின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்றான செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம் இது. 1836இல் திறக்கப்பட்டது.

இதைக் கட்டியவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் ராஜபுத்திரப் பெண். தாய் இந்தியர் என்பதால் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாக முடியாமல், முதலில் மராட்டியர்களிடம் வேலை பார்த்தவர். பின்னால் அதே கம்பெனிக்காக ஒரு குதிரைப் படையைத் திரட்டினார். இந்திய ராணுவத்தில் இன்றும் அவர் பெயரால் ஒரு படைப்பிரிவு இருக்கிறது. 1841இல் ஹான்சியில் இறந்த அவரைத் தில்லிக்குக் கொண்டுவந்து, தாம் கட்டிய கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

தேவாலயத்தின் எதிரே ஒரு பழைய சிவப்புக் கட்டடம். ஒரு காலத்தில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி அங்கேதான் இருந்தது. கல்லூரி 1941இல் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்விட, இந்தக் கட்டடத்தில் தில்லியின் தலைமைத் தேர்தல் அதிகாரி அலுவலகம் அமைந்தது. சாலைக்கு ஒருபுறம், இந்த ஊரிலேயே மண்ணாகிப்போன வெள்ளைக்காரர்கள். மறுபுறம், இந்த ஊரில் யாருக்கு ஓட்டு உண்டு என்று கணக்கு வைத்திருக்கும் அலுவலகம். தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்த மேலை நாட்டவரின் கதை முழுவதையும் இந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வைத்துவிடலாம்.

ஸ்கின்னரின் நண்பர் வில்லியம் ஃப்ரேசரின் கல்லறையும் தேவாலய வளாகத்தில்தான் இருக்கிறது. 1805இல், இருபதைத் தாண்டிய வயதில், ஸ்காட்லாந்திலிருந்து தில்லிக்கு வந்து சேர்ந்தவர் ஃப்ரேசர். மீசையை இந்த ஊர் வழக்கப்படி வைத்துக்கொண்டார். மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் விட்டார். பாரசீகக் கவிஞர்களோடு பழகினார். மிர்ஸா காலிப்பும் அவருக்குப் பழக்கம். அவருக்கு முன்பே இங்கு கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த டேவிட் ஆக்டர்லோனி இன்னும் ஒரு படி மேலே போனவர். அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்த அவர், தில்லியில் நவாப் போல உடுத்தி, ஹூக்கா பிடித்து வாழ்ந்தார். அவருக்குப் பதின்மூன்று மனைவியர் இருந்ததாகவும், மாலை நேரத்தில் ஆளுக்கொரு யானையில் செங்கோட்டைப் பக்கம் உலா போனதாகவும் தில்லி இன்றுவரை கதை சொல்லிக்கொண்டிருக்கிறது.

கேட்க ரசமான கதைகள்தான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. உடை இந்த ஊருடையது, சாப்பாடு இந்த ஊருடையது, அதிகாரம் மட்டும் கம்பெனியுடையது. 1835 மார்ச்சில் ஃப்ரேசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு சொத்துத் தகராறில் அவர் எடுத்த நிலையே காரணம் என்று கருதப்பட்டது. கொலைக்குத் தூண்டியதாக ஃபிரோஸ்பூர் ஜிர்க்காவின் நவாப் ஷம்சுத்தீனை அதே ஆண்டு காஷ்மீரி கேட் அருகிலேயே தூக்கிலிட்டார்கள். அக்கம்பக்கத்தாரோடு கலந்து வாழ்கிறவர் வேறு, அவர்களுடைய சொத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறவர் வேறு. ஃப்ரேசர் இரண்டாகவும் இருக்கப் பார்த்தார்.

அதிகாரம் இல்லாமல் வாழ்ந்து காட்ட வந்த முதல் வெள்ளைக்காரர் என்று இந்தத் தெருவில் ஒருவரைச் சொல்வதானால், எதிர்ப்புறக் கட்டடத்துக்குப் போக வேண்டும். சி.எஃப். ஆண்ட்ரூஸ் என்ற இளம் பாதிரியார் 1904 மார்ச் 20 அன்று தில்லி வந்து, செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். கல்லூரி முதல்வர் பதவி காலியானபோது, வழக்கப்படி ஓர் ஆங்கிலேயரை அமர்த்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பல ஆண்டுகள் அங்கே பணியாற்றி வந்த சுசீல் குமார் ருத்ராதான் முதல்வராக வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் வாதாடினார். 1906இல் ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். அவருக்குக் கீழே ஆண்ட்ரூஸ் வேலை பார்த்தார். இந்தியருக்குக் கீழே ஆங்கிலேயர் என்பது அன்றைய தில்லிக்குப் புதிது. 1915இல் காந்தி முதன்முறையாகத் தில்லிக்கு வந்தபோது தங்கியது ருத்ராவின் வீட்டில்தான். நடுவில் பாலம் போட்டவர் ஆண்ட்ரூஸ். பின்னால் தாகூரின் சாந்திநிகேதனுக்குப் போய், தீனபந்து என்ற பெயரும் பெற்று, 1940இல் கல்கத்தாவில் இறந்தார். திரும்பிப் போக இங்கிலாந்து இருந்தது. அவர்தான் போகவில்லை.

திரும்பிப் போவது என்பதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. வெளிநாட்டில் வாழ்கிற ஒருவரையும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரையும் பிரிப்பது தோலின் நிறம் மட்டுமல்ல. நிலைமை மோசமானால் ஒருவருக்குப் போக ஓர் இடம் இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. மே மாதத்து வெயில் 45 டிகிரியைத் தொடும்போதும், நவம்பரில் புகைமூட்டம் தொண்டையை அடைக்கும்போதும், குழாயில் தண்ணீர் வராத நாளிலும், கலவரம் வெடிக்கும் இரவிலும் இந்த வித்தியாசம் தெரியும்.

இதை யாரையும் விட நேர்மையாக எழுதியவர் காஷ்மீரி கேட்டிலிருந்து ஒரே மெட்ரோ நிலையம் தள்ளி, சிவில் லைன்ஸில் வாழ்ந்தார். ஜெர்மனியின் கொலோன் நகரில் 1927இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த ரூத் பிராவர், 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போனவர். அங்கே சைரஸ் ஜாப்வாலா என்ற பார்சி இளைஞரைச் சந்தித்து, 1951இல் மணம் செய்துகொண்டு தில்லி வந்தார். கணவர் கட்டடக் கலைஞர். பிளாக்ஸ்டாஃப் சாலையில் வீடு, மூன்று பெண் குழந்தைகள். வந்த நான்கு ஆண்டுகளுக்குள் முதல் நாவல் வெளியாகிவிட்டது. கரோல் பாக் பக்கத்துப் பஞ்சாபிக் குடும்பங்களையும் கூட்டுக் குடும்பத்து மாமியார்களையும் அவர் எழுதிய விதத்தைப் பார்த்து, எழுதியவர் இந்தியப் பெண் என்றே பல வெளிநாட்டு வாசகர்கள் நம்பினார்கள்.

ஆனால் வீட்டுக்குள் நடந்தது வேறு. 'அவுட் ஆஃப் இந்தியா' என்ற அவருடைய கதைத் தொகுப்பின் முன்னுரையில் அதை எழுதியிருக்கிறார். இங்கே வந்து தங்கும் மேலை நாட்டவர் முதலில் எல்லாவற்றையும் கண்டு மயங்குகிறார். பிறகு அவ்வளவு ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறது. அப்புறம் எதைப் பார்த்தாலும் எரிச்சல். சிலருக்கு அதோடு முடிகிறது. சிலருக்குச் சக்கரம்போலத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. சுற்றியிருக்கும் வறுமையை நாள்தோறும் பார்த்துக்கொண்டு, அதற்காக எதுவும் செய்யாமல், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பதைத் தம்மால் தாங்க முடியவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்த முன்னுரை பல இந்தியர்களுக்குக் கசந்தது. ஆனால் தில்லியில் திரையை இழுத்துவிட்டுக்கொள்கிறவர்கள் வெளிநாட்டவர் மட்டும்தானா என்று கேட்டுப் பார்த்தால் அந்தக் கசப்பு கொஞ்சம் குறையும். 1975இல் 'ஹீட் அண்ட் டஸ்ட்' நாவலுக்கு புக்கர் பரிசு கிடைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில், இருபத்து நான்கு ஆண்டுத் தில்லி வாழ்க்கையை முடித்துக்கொண்டு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். திரைக்கதைக்காக இரண்டு ஆஸ்கர்களும் வந்தன. புக்கர், ஆஸ்கர் இரண்டையும் வாங்கிய ஒரே எழுத்தாளர் அவர்தான். தில்லி அவருக்குக் கொடுத்தது நிறைய. அவருக்கு ஊராக மட்டும் ஆகவில்லை.

சிவில் லைன்ஸிலிருந்து இன்னும் வடக்கே போனால் திமார்பூர். அரசாங்க ஊழியர் குடியிருப்புகளும், இடையிடையே ஜுக்கிகள் என்று சொல்லப்படும் குடிசைகளும் கொண்ட பகுதி. தில்லிப் பல்கலைக்கழகம் பக்கத்தில். அந்தப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளியில் பாடம் நடத்திய ஒருவர், பாடம் முடிந்ததும் சைக்கிளில் திமார்பூர் ஜுக்கி ஒன்றுக்குத் திரும்புவார். அவர் ழான் த்ரேஸ். பெல்ஜியத்தில் 1959இல் பிறந்தவர். தந்தையும் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர். 1979இல் இந்தியா வந்து, தில்லியிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டினியைப் பற்றி அமர்த்திய சென்னுடன் சேர்ந்து எழுதிய புத்தகங்கள் உலகப் பல்கலைக்கழகங்களில் பாடம். 2005இல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் முதல் வரைவில் அவர் கையும் உண்டு.

ஜாப்வாலாவை வதைத்த அதே கேள்விக்கு த்ரேஸ் கண்ட பதில், திரையே இல்லாத வீட்டில் குடியிருப்பது. 2002இல் அவர் இன்னொன்றும் செய்தார். பெல்ஜியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடிமகனானார். அமெரிக்க விசாவுக்கும் ஐரோப்பியக் குடியுரிமைக்கும் வரிசையில் நிற்கிற நாட்டில், ஐரோப்பியப் பாஸ்போர்ட்டை வலியத் திருப்பிக் கொடுத்தவர் என்பதால் பலருக்கு அவர் புதிராகவே இருந்தார். பின்னால் ராஞ்சிக்குப் போய் அங்கிருந்து வேலை செய்யலானார். 2019 மார்ச்சில் ஜார்க்கண்டில் உணவு உரிமைக் கூட்டம் ஒன்றின்போது, அனுமதி பெறவில்லை என்று போலீசார் பிடித்துப் போய்ச் சில மணி நேரத்தில் விட்டார்கள். அவரைப் பற்றிய செய்திகளில் 'பெல்ஜியத்தில் பிறந்த' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டே வருகிறது. சட்டம் ஏற்றுக்கொண்ட பிறகும் பேச்சு ஏற்றுக்கொள்ள நாளாகிறது.

தெற்கே, லோதி தோட்டத்தை ஒட்டிய பகுதியின் கதை வேறு தினுசு. ஒருவர் ஊரில் தங்கிய அடையாளத்தைக் கல்லிலும் நிழலிலும் அங்கே காணலாம். அமெரிக்காவின் ஒமாஹாவில் 1912இல் பிறந்த ஜோசப் ஆலன் ஸ்டைன், 1952இல் வங்காளத்தின் சிப்பூர் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைத் துறைத் தலைவராக வந்தார். சில ஆண்டுகளில் தில்லிக்கு மாறினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் வேலை செய்தார். 1962இல் இந்தியா இன்டர்நேஷனல் சென்டர், மண்டி ஹவுஸ் அருகே திரிவேணி கலா சங்கம், ஃபோர்டு ஃபவுண்டேஷன் கட்டடம், 1993இல் இந்தியா ஹாபிடட் சென்டர். லோதி சாலைப் பக்கம் அவர் கட்டடங்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அந்தப் பகுதியை வேடிக்கையாக 'ஸ்டைனாபாத்' என்பார்கள்.

ஹாபிடட் சென்டர் முற்றத்தில் மே மாத மதியம் நின்றால் ஸ்டைன் இந்த ஊரைப் படித்த விதம் புரியும். கட்டடங்களுக்கு நடுவே திறந்த முற்றங்கள், அவற்றுக்கு மேலே வெயிலை வடிகட்டும் நீலத் தடுப்புகள், சுவரெங்கும் கொடிகள். தம் மற்ற கட்டடங்களில் முகலாயர் காலத்து ஜாலியையும் வராந்தாவையும் அவர் மறுபடி வேலைக்கு வைத்தார். தில்லிக்காரர்கள் வெயிலோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத் தில்லிக்காரர்களே மறந்து கண்ணாடிப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கிய காலத்தில், அதை நினைவூட்டியவர் ஓர் அமெரிக்கர். 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடைசிக் காலத்தில் அமெரிக்கா திரும்பி 2001இல் இறந்தார். அந்தக் கட்டடங்களுக்கு நடுவேயுள்ள ஒரு சிறு சாலைக்கு ஜோசப் ஸ்டைன் லேன் என்று பெயர். அவர் திரும்பிவிட்டார், வேலை இங்கே தங்கிவிட்டது.

லோதி தோட்டத்திலிருந்து சிறிது தூரத்தில் நிஜாமுதீன். சூஃபி ஞானியின் தர்கா, ஹுமாயூன் சமாதி, ரயில் நிலையம், நடுவே நடுத்தரக் குடியிருப்புகள். சம்பளம் குறைந்த வெளிநாட்டவரை இந்தப் பகுதிக்கும் பக்கத்து ஜங்புராவுக்கும் இழுத்தது ஒரு காலத்தில் பர்சாத்திதான். மொட்டை மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, மீதி எல்லாம் வானம். கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் சொர்க்கம். வீட்டுக்காரர் கீழே, வாடகைக்காரர் மேலே, நடுவில் மாடிப்படி. அந்தப் படியில் ஏறி இறங்கித்தான் பலர் இந்தி கற்றார்கள். பழைய வீடுகளை இடித்துக் கட்டுநர்கள் நான்கு மாடி எழுப்பத் தொடங்கியபின் பர்சாத்திகள் குறைந்துபோயின. அந்த வகை வாடகைக்காரரும் குறைந்துபோனார்.

நிஜாமுதீனோடு ஒட்டிப்போன பெயர் மார்க் டல்லி. 1935இல் கல்கத்தாவின் டாலிகஞ்சில் பிறந்தவர். கார் டிரைவரிடம் அந்த ஊர் மொழியில் எண்ணக் கற்றதற்காகச் சிறுவயதில் ஆங்கில ஆயாவிடம் அடி வாங்கியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அது வேலைக்காரர் பாஷையாம். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, 1965இல் பிபிசி ஊழியராகத் தில்லி திரும்பினார். நெருக்கடி நிலையின்போது 1975இல் வெளியேற நேர்ந்தது. 1977இல் மறுபடி வந்தார். தில்லி அலுவலகத்தின் தலைவராக இருபது ஆண்டுகள் போல இருந்து, 1994இல் பிபிசியை விட்டார். தில்லியை விடவில்லை. 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் அவருக்கு எதிராகக் கோஷமிட்ட கூட்டம் சூழ்ந்துகொள்ள, ஓர் அறையில் மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். அதே ஆண்டில்தான் பத்மஸ்ரீயும் வாங்கினார். 2002இல் பிரிட்டன் சர் பட்டம் கொடுத்தது. 2005இல் இந்தியா பத்மபூஷண் கொடுத்தது. இத்தனைக்கும் பிறகு அவருக்கு ஒரு குறை இருந்தது. இந்தியில் பேசினால் எதிராளி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார் என்பதே அது. அடி வாங்கிக் கற்ற பாஷையை ஊர்க்காரர்கள் திருப்பிப் பேச மறுத்தால் யாரிடம் முறையிடுவது?

இந்த மரியாதையிலும் ஒரு தீட்டு உண்டு. வெள்ளைக்காரருக்கு நாற்காலி இழுத்துப் போடும் கை, எல்லா வெளிநாட்டவருக்கும் நீள்வதில்லை. திமார்பூருக்குப் பக்கத்திலேயே மஜ்னு கா டீலாவில் 1960களிலிருந்து திபெத்திய அகதிகள் வாழ்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் முதலில் வருவது 'எங்கிருந்து?' என்ற கேள்விதான். ஆப்பிரிக்க மாணவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது கல்லில் நார் உரிக்கும் வேலை. 2016 மே மாதம் தெற்கு தில்லி வசந்த் குஞ்சில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் ஆட்டோ தகராறில் அடித்தே கொல்லப்பட்டார். தில்லி விருந்தோம்பும் ஊர் என்று சொல்லும்போது, யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நகரம் நிறம் பார்க்கிறது. அரசாங்கம் காகிதம் பார்க்கிறது. அந்தக் காகிதங்களின் தலைமையகம் தென்மேற்கே ராமகிருஷ்ணபுரத்தில், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில். 180 நாளுக்கு மேல் தங்க விசா வாங்கியவர் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் தம் பங்குக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 2018க்குப் பிறகு பெரும்பாலான வேலை கணினி வழியே நடப்பதால், முன்போல மதியம்வரை வரிசையில் நிற்கும் காட்சி குறைந்தது. இந்தியரை மணந்தவர்களும் இந்திய வம்சாவளியினரும் பெறும் ஓசிஐ அட்டை 2005இல் வந்தது. டல்லியும் அதைப் பெற்றவர். பெயரில் 'குடிமகன்' என்று இருந்தாலும் ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. முழுக் குடியுரிமை வேண்டுமானால் மொத்தம் 12 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பழைய நாட்டின் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் ஒன்று போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும். இந்திதான் என்று கட்டாயம் இல்லை. தமிழ் தெரிந்தாலும் சட்டத்துக்குப் போதும். காய்கறிக்காரரோடு பேரம் பேசத்தான் இந்தி வேண்டும்.

அதே ராமகிருஷ்ணபுரத்தின் குன்றின்மேல் இருக்கிறது மலை மந்திர். சுவாமிநாத சுவாமி அங்கே 1973இலிருந்து குடியிருக்கிறார். செவ்வாய், கிருத்திகை நாட்களில் படியேறுகிறவர்களில் பாதிப் பேர் தில்லியிலேயே பிறந்தவர்கள். மத்திய அரசு வேலைக்கு வந்த தாத்தா, இங்கேயே படித்த அப்பா, தமிழைத் தடுமாறிப் படிக்கும் பேரன். இன்னமும் சிலருக்கு அவர்கள் 'மதராசி'. எந்த ஊர் என்று கேட்டால், தாத்தா கும்பகோணம் என்பார். அப்பாவும் யோசித்துவிட்டுக் கும்பகோணம் என்பார். பேரன் ஆர்.கே. புரம் என்பான். ஓட்டுரிமை மூவருக்கும் இங்கேதான்.

ஆக, ஒரு ஊரில் எவ்வளவு காலம் இருந்தோம் என்பதை வைத்து அது சொந்த ஊராகிவிடுவதில்லை. ஜாப்வாலாவுக்கு இருபத்து நான்கு ஆண்டு போதவில்லை. ஊரின் நல்லது கெட்டதிலிருந்து விலகிப் போகும் வழியை எவ்வளவு தூரம் அடைத்துக்கொள்கிறோம் என்பதே கணக்கு. ஃப்ரேசர் அதை அடைக்கவே இல்லை. ஆண்ட்ரூஸ் பாதி அடைத்தார். த்ரேஸ் முழுக்க அடைத்துவிட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டார்.

காஷ்மீரி கேட்டின் அந்தச் சிவப்புக் கட்டடத்து அலுவலகம் பராமரிக்கும் வாக்காளர் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, ஆணா பெண்ணா என்ற விவரங்கள் இருக்கின்றன. எந்த ஊர் என்று கேட்கும் பத்தி அதில் இல்லை.